ஒரு வரியில் ஐந்து உத்தரவுகள்: விடுமுறைப் பட்டியல் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதச்சார்பற்ற அரசுகளில் பொது விடுமுறைப் பட்டியலைத் தயாரிக்கும் சட்டமன்றக் குழுக்களுக்கும், பணியாளர் துறை, தொழிலாளர் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

பட்டியல் வெளியாகும் ஒவ்வோர் ஆண்டும் அதே வழக்கு எழுகிறது. எங்கள் பண்டிகையையும் சேருங்கள் என்கிறது ஒரு தரப்பு. மதப் பண்டிகை எதற்கும் அரசுப் பட்டியலில் இடம் கூடாது என்கிறது இன்னொரு தரப்பு. பட்டியலில் ஒரு வரி என்றால் அது ஒரே முடிவு என்று இரண்டு தரப்பும் நம்புகின்றன. பணி அட்டவணையும் சம்பளப் பட்டியலும் போடுகிறவர்களுக்கு அது அப்படித் தெரிவதில்லை. அந்த ஒரு வரி ஐந்து உத்தரவுகளைச் சுமந்து வருகிறது. அலுவலகம் மூடும். ஊழியருக்குச் சம்பளத்தோடு ஒரு நாள் ஓய்வு கிடைக்கும். வங்கிப் பணப் பட்டுவாடாவும் சட்டக் கெடுக்களும் நகரும். பள்ளியும் தேர்வும் நிற்கும். கடைசியாக, இந்த நாளை நாங்கள் மதிக்கிறோம் என்று அரசு ஊரறியச் சொல்லும்.

இந்த ஐந்தையும் ஒரே கட்டாகக் கட்டி வைத்திருப்பதுதான் சிக்கல். கட்டை அவிழ்த்துவிட்டால், மதப் பண்டிகை பட்டியலில் இருக்கலாமா என்ற சண்டையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். எப்படி அவிழ்ப்பது, அவிழ்க்கும்போது எங்கெங்கே சிக்கும் என்று சொல்லவே இந்த மடல்.

இன்றைய பட்டியலின் பெரும்பகுதி கணக்குப் பிள்ளையின் மேசையில் உருவானது. பிரிட்டனின் 1871ஆம் ஆண்டு வங்கி விடுமுறைச் சட்டத்தின் கவலை, வங்கி மூடியிருக்கும் நாளில் கெடு வரும் உண்டியல்களை, அதாவது குறித்த நாளில் பணம் தரச் சொல்லும் வணிகச் சீட்டுகளை, என்ன செய்வது என்பது. இந்தியாவில் மத்திய அரசு அரசிதழில் பொது விடுமுறை அறிவிப்பது 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் வருகிறது. அதன்படி, புரோநோட்டின் கெடு விடுமுறை நாளில் விழுந்தால் அதற்கு முந்தின வேலைநாளே கெடு. 1897ஆம் ஆண்டு பொது வாசகங்கள் சட்டத்தின் 10ஆம் பிரிவு நேர்எதிர்: நீதிமன்றமோ அலுவலகமோ கடைசி நாளில் மூடியிருந்தால் அடுத்துத் திறக்கும் நாளில் செய்தால் போதும். ஒரே பண்டிகை, பணத்துக்கு ஒரு பக்கம், மனுவுக்கு மறுபக்கம். அன்று காலையில் திடீரென்று விடுமுறை அறிவித்தால், பணம் கட்ட வேண்டிய நாள் ஏற்கெனவே கடந்து போயிருக்கும். மக்கள் கோரிக்கையை ஏற்று என்று தொடங்கும் கடைசி நேர அறிவிப்புகளில் கையெழுத்துப் போடுகிறவர்கள் இதை ஒருமுறை யோசித்தால் நல்லது.

பணக் கெடு என்ற இந்த இழையைத் தனியே பிரிக்க முடியும் என்பதற்குச் சான்று கண்முன்னே இருக்கிறது. யூரோ நாணயப் பெருந்தொகைகள் கைமாறும் டார்கெட் அமைப்பு, சனி ஞாயிறு தவிர ஆண்டுக்கு 6 நாள் மூடுகிறது: ஜனவரி 1, புனித வெள்ளி, ஈஸ்டர் திங்கள், மே 1, டிசம்பர் 25, 26. பிரான்சின் பெரும்பகுதியில் புனித வெள்ளி பொது விடுமுறை அல்ல. அலுவலகங்கள் நடக்கின்றன, யூரோ பட்டுவாடா மட்டும் நிற்கிறது, யாரும் குழம்புவதில்லை. தேதிகள் பல ஆண்டுகளுக்கு முன்பே தெரியும் என்பதுதான் காரணம்.

பெயரை மாற்றினால் தீருமா? உருகுவே 1919இல் அப்படிச் செய்தது. டிசம்பர் 25 குடும்ப நாள், ஜனவரி 6 குழந்தைகள் நாள், புனித வாரம் சுற்றுலா வாரம். ஜப்பான் 1948இல் விடுமுறைச் சட்டம் இயற்றியபோது, அரச குடும்பச் சடங்கு நாளாயிருந்த நவம்பர் 23ஐ உழைப்புக்கு நன்றி சொல்லும் நாளாக்கியது. பெயரை மாற்றினால் ஜாதகம் மாறிவிடாது. தேதி யாருடையது என்பது எல்லாருக்கும் தெரியும், பிற மதத்தவருக்குப் புதிதாக ஒரு மணி நேரமும் கிடைப்பதில்லை. ஆனால் ஜப்பான் சட்டத்தில் கற்க ஒன்று உண்டு. ஒவ்வொரு நாளுக்கும் நேரே, அது எதற்காக என்று ஒரே வாக்கியத்தில் சட்டமே சொல்கிறது. உங்கள் பட்டியலில் அப்படி ஒரு வாக்கியம் இருக்கிறதா?

அந்த வாக்கியம் நீதிமன்றத்தில் எடை உள்ளது. கனடாவின் ஞாயிறு அனுசரிப்புச் சட்டத்தை அதன் உச்ச நீதிமன்றம் 1985இல் செல்லாது என்றது, ஒரு மதத்தின் ஓய்வுநாளைக் கடைப்பிடிக்க வைப்பதே அதன் நோக்கம் என்பதால். அடுத்த ஆண்டே ஒன்ராறியோ மாகாணச் சட்டம் அதே நீதிமன்றத்துக்கு வந்தது. அதுவும் ஞாயிறன்று கடைகளை மூடச் சொன்ன சட்டம்தான். ஆனால் கடை ஊழியர்களுக்குப் பொதுவான ஓய்வு நாள் என்பது அதன் நோக்கம். சனிக்கிழமை மூடும் சிறு கடைகளுக்கு விதிவிலக்கும் வைத்திருந்தது. அது தப்பியது. கிழமை ஒன்று, கதவு மூடுவது ஒன்று, முடிவு வேறு.

மொத்தமாக ஒழித்துவிடலாம் என்போருக்கு ஒரு எச்சரிக்கை. சோவியத் ஒன்றியம் 1929இல் ஞாயிற்றுக்கிழமையையே எடுத்துவிட்டது. தொழிலாளர்களை 5 குழுக்களாகப் பிரித்து ஆளுக்கொரு நிறம் கொடுத்து, 5 நாளில் ஒரு நாள் ஓய்வு என்றது. இயந்திரங்கள் நிற்காமல் ஓட வேண்டும், ஞாயிறு வழிபாடும் ஓய வேண்டும் என்பது கணக்கு. கணவனுக்கு ஒரு நிறம், மனைவிக்கு வேறு நிறம் என்றால் வீட்டில் சேர்ந்து உட்கார ஒரு நாள் இல்லை. பழுது பார்க்க இயந்திரத்தை நிறுத்த நேரமும் இல்லை. 1931இல் எல்லாருக்கும் பொதுவான ஓய்வுநாளோடு 6 நாள் வாரம் வந்தது, 1940இல் 7 நாள் வாரமே திரும்பியது. ஓய்வின் மதிப்பில் பாதி, மற்றவர்களும் அன்று ஓய்ந்திருப்பதில் இருக்கிறது. எனவே எல்லாவற்றையும் தனிநபர் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

ஒழிப்பதில் வேறொரு சுரண்டலும் நடக்கும். 1686 முதல் டென்மார்க்கில் இருந்த பெரும் பிரார்த்தனை நாளை அரசு 2024 முதல் நீக்கியது. பாதுகாப்புச் செலவுக்கு வருவாய் தேடி எடுத்த முடிவு அது. திருச்சபையினரும் தொழிற்சங்கங்களும் ஒரே பக்கம் நின்று எதிர்த்தார்கள். இழந்த நாளுக்கு ஈடாக ஆண்டுச் சம்பளத்தில் 0.45 சதவீதம் கூடுதலாகத் தரப்பட்டது. ஜெர்மனியும் 1995இல் முதியோர் பராமரிப்புக் காப்பீட்டுக்கு ஈடாக ஒரு பிரார்த்தனை நாளை, சாக்சனி மாநிலம் தவிர்த்து, கைவிட்டது. மதச்சார்பின்மையின் பெயரால் ஒரு நாளை எடுத்தால், அந்த நாளின் மணிகள் ஊழியர் கணக்கிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் அது ஊதியக் குறைப்பு. அப்படியே பெயர் சொல்லுங்கள்.

சேர்த்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 24 மணி நேரமும் ஆள் இருக்க வேண்டிய ஒரு பணியிடத்துக்கு ஆண்டில் 8,760 மணி நேரம் தேவை. வாரம் 40 மணி வேலை செய்யும் ஒருவருக்கு ஆண்டில் 2,080 மணி. அதில் விடுப்பு 20 நாள், பொது விடுமுறை 10 நாள், நோய் 5 நாள் கழித்தால் 1,800. ஆக, ஒரு பணியிடத்துக்கு 4.87 பேர் வேண்டும். பட்டியலில் ஒரே ஒரு நாளைக் கூட்டினால் 1,792 மணி, 4.89 பேர். பார்க்கச் சிறியது. அப்படிப்பட்ட 100 பணியிடங்கள் உள்ள மருத்துவமனைக்கு அது 2 பேருக்கு மேல். அந்த 2 பேரையும் யாரும் நியமிப்பதில்லை. ஓவர்டைமாக அது இருப்பவர்கள் தலையில் ஏறும். அதுவும் எல்லாரும் வீட்டில் இருக்க ஆசைப்படும் அதே நாளில்.

குறிப்பிட்ட மதத்தவருக்கு மட்டும் நாள் கொடுப்பது இன்னும் மோசமான வழி. ஆஸ்திரியாவில் புனித வெள்ளி 4 திருச்சபைகளின் உறுப்பினர்களுக்கு மட்டும் விடுமுறையாக இருந்தது. அன்று வேலை செய்தால் அவர்களுக்குக் கூடுதல் சம்பளம், பக்கத்து மேசைக்காரருக்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 ஜனவரி 22 அன்று இதை மதப் பாகுபாடு என்றது. அந்த ஏற்பாட்டில் இன்னொரு கோளாறும் இருந்தது: விடுமுறை வேண்டுமென்றால் நீ எந்தத் திருச்சபை என்று முதலாளியிடம் சொல்லியாக வேண்டும். தீர்ப்புக்குப் பின் ஆஸ்திரியா அந்த விடுமுறையை நீக்கிவிட்டு, ஆண்டு விடுப்பிலிருந்து ஒரு நாளை ஊழியர் தாமாகவே, 3 மாதத்துக்கு முன் எழுத்தில் சொல்லிக் குறித்துக்கொள்ளலாம் என்றது. முதலாளி மறுக்க முடியாது. வரும்படி கேட்கலாம். வந்தால் இரட்டைச் சம்பளம், விடுப்பு நாளும் கழியாது. புதிதாக ஒரு நாள் தரவில்லை என்பது அதன் பெரிய குறை. பொறிமுறை மட்டும் நல்லது.

இனி எங்கள் யோசனை. இப்போது 10 நாள் பட்டியல் என்று வைத்துக்கொள்வோம். அதில் 5 நாளை எல்லாரும் மூடும் பொது நாளாக நிறுத்துங்கள். மீதி 5 நாளை, அதாவது 40 மணியை, ஒவ்வொருவர் கணக்கிலும் விருப்ப மணியாக, அதாவது அவரவர் விரும்பும் நாளில் எடுத்துக்கொள்ளும் ஓய்வு மணியாக, வரவு வையுங்கள். நாளாக வைக்காமல் மணியாக வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விடுமுறை பெரும்பாலும் திங்களில் விழும் நாட்டில், செவ்வாய் முதல் வியாழன் வரை வரும் பகுதிநேர ஊழியருக்கு எதுவுமே கிடைக்காது. மணிக் கணக்கில், அவர் வேலை நேரம் வாரம் 24 மணி என்றால் விருப்ப மணி 24, பொது நாள் மணி 24. அவர் வராத கிழமையில் பொது நாள் விழுந்தாலும் மணி வரவாகும். தினக்கூலிக்கு இன்றைய பொது விடுமுறை என்பது அடுப்பெரியாத நாள், அவ்வளவுதான். 10 நாளின் 80 மணியை 2,080ஆல் வகுத்தால், உழைக்கும் ஒவ்வொரு 26 மணிக்கும் 1 மணி விடுமுறைச் சம்பளம். அதைக் கூலியோடு தனி வரியாகக் கொடுத்துவிடலாம். கூலிக்குள்ளேயே அடங்கியது என்று எழுத இடம் விட்டால் மட்டும் அது காணாமல் போகும்.

விருப்ப விடுமுறை எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறதே என்று சில அரசுகள் சொல்லும். இந்திய மத்திய அரசு ஊழியர்கள் அறிவிக்கப்பட்ட பட்டியலிலிருந்து ஆண்டுக்கு 2 நாள் தேர்ந்துகொள்ளலாம், எந்த மதத்தவரும் எதையும் எடுக்கலாம். மதத்தைக் கேட்காதது அதன் சிறப்பு. தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டு தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டமும் இதே திசையில் ஒரு படி போகிறது: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 தவிர மீதி 5 பண்டிகை நாள்கள் எவை என்பதைச் சட்டம் சொல்லவில்லை, முதலாளியையும் தொழிலாளர்களையும் கலந்து ஆய்வாளர் முடிவு செய்கிறார். ஆனால் இப்படிப்பட்ட திட்டங்கள் எங்கும் மூன்று இடத்தில் உடைகின்றன. பட்டியலில் பெயரில்லாத நாளை எடுக்க முடியாது. மேலதிகாரி பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு ஆண்டை முடித்துவிடுவார். ஒரே நாளுக்குப் பாதிப் பேர் கேட்பார்கள்.

முதலாவதற்கு மருந்து எளிது: பட்டியலே வேண்டாம். எந்த நாள், எதற்கு என்று கேட்கவே வேண்டாம். மகள் பிறந்தநாளுக்கு எடுப்பவருக்கும் நோன்புக்கு எடுப்பவருக்கும் ஒரே விதி. மதமற்றவருக்கும் சம உரிமை அதிலேயே வந்துவிடுகிறது. இரண்டாவதற்கு, 10 நாளுக்குள் எழுத்தில் மறுக்காவிட்டால் அனுமதித்ததாகப் பொருள் என்று விதியில் எழுதுங்கள். மறுப்புக்குப் பணிச்சிரமம் என்ற ஒற்றைச் சொல் போதாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023இல், மதக் காரணத்துக்காகக் கேட்கும் சலுகையை மறுக்க வேண்டுமானால் தொழிலின் அளவோடு ஒப்பிடக் கணிசமான கூடுதல் செலவு ஆகும் என்று முதலாளி காட்ட வேண்டும் என்றது. அதுவரை, 1977ஆம் ஆண்டுத் தீர்ப்பின் ஒரு சொற்றொடரைப் பிடித்துக்கொண்டு, சொற்பச் செலவுக்கே பல நீதிமன்றங்கள் மறுப்பை ஏற்றுவந்தன.

மூன்றாவதுதான் உண்மையான வேலை. ஒவ்வொரு பிரிவுக்கும் குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கையை முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள். 20 பேர் உள்ள வார்டில் 14 பேர் கட்டாயம் என்றால் 6 பேர் போகலாம். 9 பேர் கேட்டால்? பணிமூப்பு பார்க்காதீர்கள், ஆண்டுதோறும் அதே 6 பேர்தான் போவார்கள். கடந்த ஆண்டு மறுக்கப்பட்டவர் முதலில், பிறகு சீட்டுக் குலுக்கல். இதற்கு ஒரு பதிவேடு வேண்டும், 4 நெடுவரிசை போதும். அந்தப் பதிவேடு வேறொன்றையும் காட்டிக்கொடுக்கும். பல மதத்தவர் உள்ள குழுவில் ஆள் மாற்றிக்கொள்வது இயல்பு, நல்லதும்கூட. நாளடைவில், உனக்குத்தான் பண்டிகை இல்லையே என்று எல்லாப் பண்டிகைக்கும் ஒரே ஆள் வேலைக்கு நிற்பார். அவர் பெரும்பாலும் மதமற்றவராகவோ, ஊரில் ஒரே ஒரு குடும்பமாக இருக்கும் மதத்தவராகவோ, தனியாக வாழ்பவராகவோ இருப்பார். தொடர்ந்து 2 பொது நாளுக்கு மேல் ஒருவரை நிறுத்தக்கூடாது என்று உச்சவரம்பு வையுங்கள்.

தேதிக்கு வருவோம். இஸ்லாமிய ஆண்டு 354 அல்லது 355 நாள், சூரிய ஆண்டில் சுமார் 11 நாள் முன்னே நகரும். 2000இல் ஈகைத் திருநாள் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக இருமுறை வந்தது. 2033இலும் வரும். ஆண்டுக்கு ஒருமுறை என்று மென்பொருளில் எழுதி வைத்தவர்கள் அன்று முழிப்பார்கள். மேற்கத்திய ஈஸ்டர் 2024இல் மார்ச் 31, ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் மே 5. 2025இல் இரண்டும் ஏப்ரல் 20. மதநாள்காட்டியை அரசு நிர்வாகத்துக்குள் இழுத்தால் என்ன ஆகும் என்பதை இலங்கை 1966 முதல் 1971 வரை பார்த்தது. ஞாயிறுக்குப் பதில் வார ஓய்வையே நிலவின் கால்பகுதிகளோடு கட்டியதில், வாரம் சில சமயம் 7 நாள், சில சமயம் 8. வெளிநாட்டு வணிகத்தோடு ஒத்துப்போகவில்லை, ஞாயிறு திரும்பியது.

விருப்ப மணித் திட்டத்தில் அரசு எந்த நாள்காட்டியையும் அங்கீகரிக்கத் தேவையில்லை, எது சரியான பிறை என்ற வழக்கில் தலையிடவும் தேவையில்லை. ஆனால் ஆஸ்திரியா போல 3 மாத முன்னறிவிப்பு வைத்தால், பிறை பார்த்து முடிவாகும் நாளை ஒருநாள் பிசகாமல் சொல்வது எப்படி? அடுத்தடுத்த 2 தேதிகளைக் கொடுத்து, முந்தின இரவு உறுதி செய்யலாம் என்று அனுமதியுங்கள். முதலாளிக்கு ஆகும் செலவு, ஒரு ஷிப்டுக்கு ஒரு மாற்று ஆளைத் தயாராக வைப்பது. இன்னொரு சிறு விஷயம். அரசுக்கு நாள் நள்ளிரவில் தொடங்குகிறது. யூத, இஸ்லாமிய மரபில் சூரிய அஸ்தமனத்தில் தொடங்குகிறது. இரவு 10 முதல் காலை 6 வரை ஷிப்ட் பார்ப்பவருக்கு எந்த இரவு விடுமுறை? தொடர்ச்சியான 24 மணி, தொடக்கத்தை ஊழியர் சொல்வார் என்று எழுதினால் சம்பளப் பிரிவில் தகராறு வராது.

பள்ளி வேறு கதை. ஊழியர் இல்லாவிட்டால் மாற்று ஆள் வருவார், மாணவருக்குப் பதில் யாரும் தேர்வு எழுத முடியாது. பண்டிகை நாளில் பள்ளியை மூட வேண்டியதில்லை. அன்று தேர்வு, செய்முறைத் தேர்வு, சேர்க்கை நேர்காணல் இல்லை என்றால் போதும், அன்று வராததை வருகைச் சதவீதத்தில் குறையாகக் கணக்கிடவும் கூடாது. பிரான்சில் 2003இல் ஒரு அரசு ஆணையம் யூதர்களின் நோன்பு நாளான யோம் கிப்பூரையும் தியாகத் திருநாளையும் பள்ளி விடுமுறையாக்கப் பரிந்துரைத்தது, ஏற்கப்படவில்லை. அரசு ஊழியர் வராமலிருக்க அனுமதி கேட்கக்கூடிய பண்டிகைத் தேதிகள் மட்டும் சுற்றறிக்கையாக வருகின்றன. அதே நாட்டின் 11 பொது விடுமுறையில் 6 கிறித்தவ மரபில் வந்தவை. அரசையும் மதத்தையும் பிரித்த 1905ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைத் தொடவில்லை.

இங்கேதான் எங்களுக்கு எதிரான வலுவான கேள்வி நிற்கிறது. பொது நாள் ஐந்தில் பெரும்பான்மையின் பண்டிகை ஒன்று இருந்தால், அவர்கள் மணி செலவழிக்காமல் கொண்டாடுவார்கள், மற்றவர்கள் தங்கள் பண்டிகைக்கு மணி செலவழிப்பார்கள். உண்மைதான். பெரும்பான்மையின் நாளை எடுத்துவிட்டாலும் அன்று பாதி மேசை காலியாகவே கிடக்கும், மின்சாரமும் காவலும் வீண். வருகைப் பதிவேட்டில் 3 ஆண்டு பார்த்து அப்படித்தான் என்றால், மூடுங்கள், அதை நிர்வாகக் காரணம் என்றே எழுதுங்கள். ஆனால் அந்த நாளின் 8 மணியை அன்று கொண்டாடுபவர் கணக்கிலிருந்து கழியுங்கள். கொண்டாடாதவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால், வேலை கொடு, இல்லையேல் மணி கொடு. சிங்கப்பூரின் வேலைவாய்ப்புச் சட்டம், முதலாளியும் ஊழியரும் ஒத்துக்கொண்டால் ஒரு பொது விடுமுறையை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ள விடுகிறது. அந்த ஒத்துக்கொண்டால் என்ற சொல்லை நீக்கி, ஊழியரின் உரிமையாக்கினால் போதும். மூடிய கட்டடத்தில் என்ன வேலை என்று கேட்பார்கள். கோப்பு ஒழுங்கு, பயிற்சி, வீட்டிலிருந்து செய்யும் பணி என்று எல்லா அலுவலகத்திலும் கிடக்கிறது. இல்லாத இடத்தில் 8 மணி வரவு. ஓட்டை முழுதும் அடைபடாது, வரவு வாங்கியவர் அன்று வீட்டிலும் இருப்பார், வேறொரு நாளும் எடுப்பார் என்ற முணுமுணுப்பு எழும். இன்றைய ஏற்றத்தாழ்வை ஒப்பிட்டால் அது சின்ன முணுமுணுப்பு.

ஐந்தாவது இழை, அரசின் மரியாதை. அதற்குக் கதவு மூடத் தேவையில்லை. வாழ்த்துச் செய்தி போதும்.

அடுத்த பட்டியலை 18 மாதத்துக்கு முன் வெளியிடுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் நேரே ஐந்து கட்டம் இருக்கட்டும்: அலுவலகம் மூடுமா, எத்தனை மணி வரவு, பணக் கெடு முன்னே நகருமா பின்னேயா, தேர்வு உண்டா, மூடுவதற்கான காரணம் ஒரே வாக்கியத்தில். கடைசிக் கட்டத்தை ஒரு மதத்தின் பெயரைச் சொல்லாமல் நிரப்ப முடியாத நாள்களைப் பட்டியலிலிருந்து எடுத்து ஊழியர்களின் விருப்ப மணிக் கணக்கில் சேருங்கள்.

இப்படிக்கு,
பணி அட்டவணை, சம்பளப் பட்டியல், தொழிலாளர் சட்டம் ஆகியவற்றோடு நாள்தோறும் புழங்குவோர்